தூக்கத்துக்கு ஒரு மாத்திரை: 1989 டிரிப்டோஃபான் நிகழ்வு ஆய்வு

1989 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் மூன்று பெண்கள் கிட்டத்தட்ட ஒரே நோயோடு மருத்துவர்களைத் தேடிப் போனார்கள். உடம்பு வலி என்றுதான் சொன்னார்கள். ஆனால் அது சாதாரண அசதி இல்லை, படுக்கையை விட்டு எழுந்திருக்க விடாத தசைவலி. ரத்தத்தைச் சோதித்தால் இயோசினோஃபில் என்ற வெள்ளையணு தாறுமாறாக ஏறியிருந்தது. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் வழக்கமாக 500க்குள் இருக்க வேண்டியது, இவர்களுக்குப் பல ஆயிரத்தில் இருந்தது.

இயோசினோஃபில் ஏறினால் மருத்துவர்களுக்கு முதலில் நினைவு வருவது குடற்புழு, ஒவ்வாமை, ஆஸ்துமா, சில மருந்துகள், அரிதாக ரத்தப் புற்றுநோய். கூடவே கடுமையான தசைவலியும் இருந்தால், சரியாக வேகாத பன்றி இறைச்சி வழியாக உடம்புக்குள் போகும் டிரிக்கினெல்லா புழுவைச் சந்தேகிப்பார்கள். இந்த மூவருக்கும் எதுவும் பொருந்தவில்லை. லாஸ் அலமோஸில் குடும்ப மருத்துவராக இருந்த ஃபிலிப் ஹெர்ட்ஸ்மனும் அந்த வட்டாரத்தின் மற்ற மருத்துவர்களும் தங்கள் நோயாளிகளைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். இயோசினோஃபில் ஆராய்ச்சியில் பெயர்பெற்ற மேயோ கிளினிக்கின் ஜெரால்டு கிளைச்சிடமும் யோசனை கேட்டார்கள். மூன்று பேரின் விவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பொதுவாக ஒன்று தெரிந்தது. மூவருமே நோய் வருவதற்கு முன்பிருந்து எல்-டிரிப்டோஃபான் என்ற சப்ளிமென்ட் மாத்திரையைச் சாப்பிட்டு வந்திருந்தார்கள்.

அக்டோபர் 30 அன்று மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தகவல் போனது. அங்கிருந்து நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசிக்கும் போனது.

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். அமெரிக்கா போன்ற நாட்டில் அன்றைக்குச் சப்ளிமென்ட்களின் பக்கவிளைவைக் கவனித்துக்கொண்டிருந்த ஏற்பாடு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கருவியும் இல்லை, கணினிப் பட்டியலும் இல்லை. "வேறு என்னவெல்லாம் சாப்பிடுகிறீர்கள்?" என்று சில மருத்துவர்கள் கேட்டார்கள், நோயாளிகள் மறைக்காமல் சொன்னார்கள். ஒரு நாடளவிலான கொள்ளைநோயின் முதல் நூலிழை அப்படித்தான் கைக்குக் கிடைத்தது. நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று யோசித்துப் பாருங்கள். பிரஷர் மாத்திரையைச் சொல்வோம், சுகர் மாத்திரையைச் சொல்வோம். காலையில் வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் பவுடரைச் சொல்ல மாட்டோம். அது மருந்து இல்லை என்ற எண்ணம் நமக்குள் அவ்வளவு ஆழமாக இருக்கிறது.

அது என்ன மாத்திரை?

டிரிப்டோஃபான் விஷம் இல்லை. நம் உடம்பால் தானாகச் செய்துகொள்ள முடியாத, உணவிலிருந்தே பெற வேண்டிய அமினோ அமிலங்களில் அது ஒன்று. பால், முட்டை, பருப்பு, எள், மீன், இறைச்சி எல்லாவற்றிலும் இருக்கிறது. சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்கு நாளுக்குச் சுமார் ஒரு கிராம் உணவிலேயே கிடைத்துவிடும். உடம்பு இதிலிருந்து மனநிலையோடு தொடர்புடைய செரோட்டோனினைச் செய்கிறது. செரோட்டோனினிலிருந்து உறக்கத்தோடு தொடர்புடைய மெலட்டோனினைச் செய்கிறது.

இந்த உயிர்வேதியியல் உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் 1980களில் அது மாத்திரையாகப் பரவலாக விற்பனையானது. தூக்கம் வராதவர்கள், மாதவிடாய்க்கு முன்பு மனச்சோர்வும் எரிச்சலும் வருகிறவர்கள், மன அழுத்தத்தில் இருந்தவர்கள் எனப் பலரும் வாங்கினார்கள். தூக்க மாத்திரைக்குப் பழகிவிடுவோமோ என்ற பயம் அன்றும் இருந்தது. பாலில் இருக்கிற பொருள்தானே, இதில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தார்கள். மருத்துவர்களிலும் சிலர் பரிந்துரைத்தார்கள். கடையில் சீட்டு எதுவும் இல்லாமல் கிடைத்தது. பின்னால் பாதிக்கப்பட்டவர்களின் கணக்கெடுத்தபோது பெரும்பான்மையினர் நடுத்தர வயதுப் பெண்களாக இருந்ததற்கு இதுவே காரணம். நோய் பெண்களைத் தேடி வரவில்லை, மாத்திரையை வாங்கியவர்களில் பெண்கள் அதிகம்.

பன்னிரண்டு நாள்

நவம்பர் முதல் வாரத்தில் ஆல்புகர்க்கி ஜர்னல் என்ற உள்ளூர் நாளிதழில் தாமர் ஸ்டீபர் என்ற நிருபர் இந்தத் தொடர்பைப் பற்றி எழுதத் தொடங்கினார். செய்தி பரவியதும் மற்ற மாநிலங்களிலிருந்தும் மருத்துவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். எங்களிடமும் இப்படி ஒருவர் இருக்கிறார், காரணம் புரியாமல் தவித்துக்கொண்டிருந்தோம் என்றார்கள். அந்தச் செய்திகளுக்காக ஸ்டீபருக்கு 1990ஆம் ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது.

நவம்பர் 11 அன்று உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, டிரிப்டோஃபான் சாப்பிடுவதை நிறுத்துங்கள் என்று மக்களை எச்சரித்தது. 17ஆம் தேதி, நாளுக்கு 100 மில்லிகிராமோ அதற்கு மேலோ கொடுக்கும் எல்லாத் தயாரிப்புகளையும் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. அதைவிடக் குறைவான அளவு எடுத்தவருக்கும் நோய் வந்தது தெரிந்ததும், 1990 மார்ச்சில் கிட்டத்தட்ட எல்லா டிரிப்டோஃபான் சப்ளிமென்ட்டுக்கும் அது நீட்டிக்கப்பட்டது.

முதல் தகவலுக்கும் முதல் எச்சரிக்கைக்கும் நடுவே 12 நாள். காரணம் என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது. எந்த நச்சு, எந்தத் தொழிற்சாலை, எந்தப் படிநிலையில் தவறு என எதுவும் நிரூபணமாகவில்லை. சந்தேகம் வலுவாக இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சந்தேகத்தை வைத்தே விற்பனையை நிறுத்தினார்கள். மாத்திரை கடையை விட்டுப் போனதும் புதிய நோயாளிகளின் எண்ணிக்கை சட்டென்று விழுந்தது. முழு ஆதாரம் கையில் வரட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் எத்தனையோ பேர் இன்னும் அந்த மாத்திரையைத் தினமும் விழுங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

நோய் எப்படி இருந்தது

நோய்க்கு இயோசினோஃபிலியா தசைவலி நோய்க்குறி என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலச் சுருக்கமாக இஎம்எஸ். யாரை நோயாளி என்று கணக்கில் சேர்ப்பது என்பதற்குச் சிடிசி மூன்று நிபந்தனைகள் விதித்தது. இயோசினோஃபில் எண்ணிக்கை ஒரு கன மில்லிமீட்டருக்கு 1,000 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அன்றாட வேலையைச் செய்ய முடியாத அளவு தசைவலி இருக்க வேண்டும், இவற்றுக்குத் தொற்றோ புற்றுநோயோ காரணமாக இருக்கக் கூடாது. வரையறை கறாராக இருந்ததால் லேசாகப் பாதிக்கப்பட்டவர்கள் கணக்கிலேயே வரவில்லை. அப்படியும் அமெரிக்காவில் 1,500 பேருக்கு மேல் பதிவானார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜெர்மனி, பிரிட்டன் போன்ற நாடுகளிலும் நோயாளிகள் இருந்தார்கள். கனடாவில் டிரிப்டோஃபான் மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே கிடைக்கும் மருந்தாக இருந்தது, அங்கே பாதிப்பு மிகக் குறைவு.

தொடக்கத்தில் தசைவலி, களைப்பு, காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், தோலில் தடிப்பு, கை கால் வீக்கம் என்று வரும். வைரஸ் காய்ச்சல் என்று நினைத்து விட்டுவிட எல்லா வாய்ப்பும் உண்டு. சில வாரங்கள் கழித்துத்தான் நோய் தன் முகத்தைக் காட்டும். கை கால் தோல் இறுகித் தடித்துப் போகும். தோலுக்கு அடியில் தசையைப் போர்த்தியிருக்கும் ஃபேசியா என்ற உறை அழற்சியடைந்து கெட்டியாகும். நரம்புகள் பாதிக்கப்பட்டுப் பாதம் மரத்துப் போகும், தசை துடிக்கும், பிடித்து இழுக்கும். நரம்புப் பாதிப்பு காலிலிருந்து மேலேறி மூச்சுத் தசைகளை எட்டியவர்களில் சிலர் பிழைக்கவில்லை. பதிவானவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியிருந்தது.

சிகிச்சை என்று உறுதியாக ஒன்றும் கிடைக்கவில்லை. பிரெட்னிசோன் போன்ற ஸ்டீராய்டு கொடுத்தால் இயோசினோஃபில் மளமளவென்று இறங்கும், வீக்கம் குறையும். ஆனால் நரம்பும் தோலும் பழைய நிலைக்குத் திரும்புவதற்கு அது பெரிதாக உதவவில்லை. மாத்திரையை நிறுத்திய பின்பும் நோய் முன்னேறியவர்கள் உண்டு. ஆண்டுகள் கழித்துப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், பலர் களைப்போடும் தசைப்பிடிப்போடும் மரமரப்போடும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நினைவு தடுமாறுகிறது, கவனம் நிற்கவில்லை என்றும் பலர் சொன்னார்கள். இரவில் நன்றாகத் தூங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் விரும்பாதவர்கள் இவர்கள். இதை எழுதும்போது அதுதான் மனத்தை அறுக்கிறது.

மாத்திரையா, மாத்திரைக்குள் இருந்ததா?

நியூ மெக்ஸிகோ சுகாதாரத் துறை உடனே ஓர் ஒப்பீட்டு ஆய்வு செய்தது. நோயாளிகள் 11 பேர், ஒப்பிட 22 பேர். நோயாளிகள் 11 பேருமே டிரிப்டோஃபான் எடுத்திருந்தார்கள். மற்ற 22 பேரில் எடுத்தவர்கள் 2 பேர் மட்டும். சிறிய ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது.

அடுத்து வந்த கேள்விதான் கடினமானது. டிரிப்டோஃபான் பல ஆண்டுகளாக விற்பனையில் இருந்தது. லட்சக்கணக்கானோர் சாப்பிட்டிருந்தார்கள். அப்படியானால் 1989 கோடைக்குப் பிறகு மட்டும் ஏன் இத்தனை பேர்? மாத்திரை மாறவில்லை என்றால் மாத்திரைக்குள் ஏதோ மாறியிருக்க வேண்டும்.

இதற்கான விடையை மினசோட்டாவிலும் ஆரிகனிலும் நடந்த ஆய்வுகள் கொடுத்தன. மினசோட்டா ஆய்வை நான் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் அமைப்பு அவ்வளவு புத்திசாலித்தனமானது. டிரிப்டோஃபான் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் அவர்கள் ஒப்பிடவில்லை. இரண்டு பக்கமும் டிரிப்டோஃபான் எடுத்தவர்களே. ஒரு பக்கம் நோய் வந்தவர்கள், இன்னொரு பக்கம் அதே மாத்திரையைச் சாப்பிட்டும் நன்றாக இருந்தவர்கள். அப்புறம் ஒவ்வொருவரின் குப்பியிலும் இருந்த லாட் எண்ணை, அதாவது எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்ணைப் பிடித்துக்கொண்டு, கடை, விநியோகஸ்தர், மாத்திரை அடித்த நிறுவனம், இறக்குமதியாளர் என்று பின்னோக்கிப் போனார்கள். குப்பியின் மேல் இருந்தது விற்பவரின் பெயர்தான். உள்ளே இருந்த பவுடரைச் செய்தது யார் என்று வாங்கியவருக்கும் தெரியாது, விற்ற கடைக்காரருக்கும் தெரியாது.

அமெரிக்காவில் விற்ற டிரிப்டோஃபான் முழுவதும் ஜப்பானிலிருந்து வந்தது, ஆறு நிறுவனங்கள் செய்துகொண்டிருந்தன. மினசோட்டாவில் நோய் வந்த 30 பேரில் 29 பேர் சாப்பிட்டது ஷோவா டென்கோ என்ற ஒரே நிறுவனத்தின் பவுடரில் செய்த மாத்திரை. நோய் வராத 35 பேரில் அந்த நிறுவனத்தின் பவுடரைச் சாப்பிட்டிருந்தவர்கள் 21 பேர். ஆரிகன் ஆய்வும் அதே நிறுவனத்தைத்தான் சுட்டியது.

தென் கரோலினாவில் ஒரு மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற, டிரிப்டோஃபான் எடுத்த 418 பேரை ஆராய்ந்த இன்னோர் ஆய்வு, அளவுக்கும் நோய்க்கும் உள்ள உறவைக் காட்டியது. குறிப்பிட்ட ஒரு பிராண்டைச் சாப்பிட்ட 157 பேரில் 45 பேருக்கு நோய் உறுதியானது. அந்தப் பிராண்டிலேயே நாளுக்கு நான்கு கிராமுக்கு மேல் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு நோய் வந்தது. கூட எடுத்தால் கூடுதல் ஆபத்து என்ற இந்தப் படிநிலை, ஒரு பொருள் உண்மையிலேயே காரணமா என்று பார்க்கும்போது எடை மிகுந்த சான்று.

தொழிற்சாலையில் நடந்தது

ஷோவா டென்கோ டிரிப்டோஃபானை நுண்ணுயிரிகளைக் கொண்டு நொதிக்க வைத்துச் செய்தது. பேசில்லஸ் அமைலோலிக்விஃபேசியன்ஸ் என்ற பாக்டீரியாவைப் பெரிய தொட்டிகளில் வளர்ப்பார்கள், அது டிரிப்டோஃபானைச் சுரக்கும், பிறகு அந்தக் குழம்பிலிருந்து டிரிப்டோஃபானை மட்டும் பிரித்துச் சுத்தப்படுத்துவார்கள். 1988 இறுதியில், விளைச்சலைப் பெருக்க மரபணு மாற்றிய புதிய வகை பாக்டீரியா ஒன்றை நிறுவனம் பயன்படுத்தத் தொடங்கியது. ஆவணங்களில் அதன் பெயர் ஸ்ட்ரெயின் 5.

அதே காலத்தில் சுத்திகரிப்பிலும் மாற்றங்கள் நடந்தன. நம் வீட்டு ஆர்ஓ தண்ணீர் இயந்திரத்தில் ஒரு கரி வடிகட்டியும் ஒரு சவ்வும் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே இரண்டு படிகள்தான் அங்கேயும் பெரிய அளவில் இருந்தன. ஒரு பேட்சுக்கு 20 கிலோ போட்டுக்கொண்டிருந்த கரித்தூளை 10 கிலோவாகக் குறைத்தார்கள். ஆர்ஓ சவ்வு வழியாகப் போக வேண்டிய கரைசலில் ஒரு பகுதியைச் சில மாதங்கள் சவ்வைத் தாண்டித் திருப்பிவிட்டார்கள்.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் குற்றமாகத் தெரியாது. செலவைக் குறைக்கவும் உற்பத்தியைக் கூட்டவும் எந்தத் தொழிற்சாலையிலும் செய்யும் மாற்றங்கள். வெளியே வந்த பவுடரும் மருந்தகத் தர நிர்ணயத்தைத் தாண்டியே இருந்தது. 98.5 சதவீதத் தூய்மை போதும் என்றது அமெரிக்கத் தரநூல், இவர்களுடையது 99 சதவீதத்துக்கும் மேல். தரச் சான்றிதழ் கேட்டால் கொடுத்திருப்பார்கள், அது பொய்ச் சான்றிதழும் அல்ல. சோதனை கேட்டது "டிரிப்டோஃபான் எவ்வளவு இருக்கிறது?" என்பதை மட்டும். மீதியுள்ள அந்தத் துளியில் என்ன இருக்கிறது என்று சோதனை கேட்கவே இல்லை. ஒரு சப்ளிமென்ட்டைக் கிராம் கணக்கில் தினமும், மாதக்கணக்கில் சாப்பிடும் ஒருவருக்கு, கேட்கப்படாத அந்தக் கேள்வியே உயிர்ப் பிரச்சினை ஆகிவிட்டது.

ஒரு கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் குரோமடோகிராஃபி கருவியில் ஓட்டிப் பார்த்தபோது ஷோவா டென்கோ பவுடரில் அறுபதுக்கும் மேற்பட்ட நுண்ணிய மாசுகள் தென்பட்டன. அவற்றில் ஆறு நோயோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. முதலில் எல்லோர் கண்ணிலும் பட்டது "பீக் இ" என்று பெயரிட்ட ஒன்று. மினசோட்டாவில் நோயாளிகள் சாப்பிட்ட 12 லாட்களில் 9இல் அது இருந்தது, நோய் வராதவர்கள் சாப்பிட்ட 11 லாட்களில் 3இல் மட்டுமே இருந்தது. இரண்டு டிரிப்டோஃபான் மூலக்கூறுகள் அசிட்டால்டிஹைடு வழியாக ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உருவான பொருள் அது என்று பின்பு கண்டுபிடித்தார்கள்.

இன்னொரு மாசு ஃபினைல்அமினோ அலனின். இதைப் பார்த்ததும் ஸ்பெயினை நினைத்தார்கள். அங்கே 1981இல், அனிலின் கலந்த தொழிற்சாலை உபயோக ராப்சீட் எண்ணெயைச் சமையல் எண்ணெயாக விற்றதில் சுமார் 20,000 பேர் நோயுற்றார்கள், 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நோயும் தசைவலி, இயோசினோஃபில் ஏற்றம், தோல் இறுக்கம், நரம்புப் பாதிப்பு என்று இதே உருவத்தில் இருந்தது. அந்த எண்ணெயில் இருந்த அனிலின் சேர்மமும் இந்த மாசும் வேதியியல் அமைப்பில் நெருங்கியவை. எட்டு ஆண்டு இடைவெளியில், வேறு கண்டத்தில், வேறு பொருளில், ஒரே மாதிரி நோய். சிடிசியின் எட்வின் கில்போர்ன் இரண்டு நிகழ்வுகளையுமே ஆராய்ந்தவர்.

ஏற்காதவர்கள் சொன்னது

மாசுதான் காரணம் என்ற இந்த முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. ஏற்காதவர்களின் வாதத்தையும் மதித்தே பேச வேண்டும். 1989 கோடைக்கு முன்பே சிலருக்கு இந்த நோய் வந்திருந்தது, அவர்களில் சிலர் ஸ்ட்ரெயின் 5க்கு முந்தைய சரக்கைச் சாப்பிட்டவர்கள். பத்திரிகையில் செய்தி வந்த பிறகு டிரிப்டோஃபான் சாப்பிடுகிறவர்களை மட்டும் தேடித்தேடிப் பதிவு செய்திருக்கலாம் என்ற சந்தேகமும் நியாயமானதே. லூயிஸ் எனப்படும் எலி வகைக்கு நோய் தந்த பவுடரைக் கொடுத்தபோது ஃபேசியாவில் அழற்சி வந்தது, ஆனால் மனிதரில் வந்த முழு நோயும் வரவில்லை. சுத்தமான டிரிப்டோஃபானை அதிக அளவில் கொடுத்தபோதும் ஓரளவு மாற்றங்கள் தெரிந்தன. அதனால்தான் டிரிப்டோஃபானுக்கே இதில் ஒரு பங்கு இருக்கலாம் என்ற சாத்தியத்தை எஃப்டிஏ முற்றிலும் ஒதுக்கவில்லை.

எல்லாவற்றையும் படித்த பிறகும் நான் மாசு என்ற பக்கமே நிற்கிறேன். காரணம் மினசோட்டா ஆய்வின் அமைப்பு. செய்தியைப் படித்துப் பயந்துபோன ஒருவர், தான் டிரிப்டோஃபான் சாப்பிட்டதை மிகைப்படுத்திச் சொல்லலாம். ஆனால் தன் குப்பிக்குள் இருப்பது ஜப்பானின் ஆறு நிறுவனங்களில் எதனுடைய பவுடர் என்பதை அவரால் சொல்லியிருக்கவே முடியாது, அது அவருக்குத் தெரியாது. நினைவின் பிழையோ செய்தியின் தாக்கமோ லாட் எண்ணை மாற்ற முடியாது.

மரபணு மாற்றம்தான் காரணம் என்று ஒரு தரப்பு இன்றும் உறுதியாகச் சொல்கிறது. அதற்கு எதிரான தரப்பு கரித்தூளை மட்டும் கைகாட்டுகிறது. பாக்டீரியாவும் சுத்திகரிப்பும் ஒரே காலத்தில் மாறியதால் இரண்டையும் பிரித்துத் தீர்ப்புச் சொல்ல இந்த நிகழ்வின் தரவு போதாது. தங்கள் கொள்கைக்கு ஏற்றபடி இதை இழுத்துக்கொள்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஒரே லாட்டைச் சாப்பிட்டும் சிலருக்கு மட்டும் ஏன் நோய் வந்தது என்ற கேள்விக்கு ஓரளவு விடை 2009இல் வந்தது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஹெச்எல்ஏ மரபணுக்களில் சில வகைகள் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதலாகவும், வேறு சில வகைகள் உள்ளவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது தெரிந்தது. நோயோடு தொடர்புபட்ட ஆறு மாசுகளில் அடையாளம் தெரியாமலே இருந்த "பீக் ஏஏஏ"வின் வேதியியல் அமைப்பு 2018இல்தான் வெளியானது. நீண்ட கார்பன் சங்கிலி ஒட்டிய ஒரு டிரிப்டோஃபான் வகைப் பொருள் அது. நோய் வெடித்து 29 ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய மாதிரிகளைப் பத்திரமாக வைத்திருந்து தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு

இவ்வளவு நடந்த பிறகு சட்டம் இறுகியிருக்கும் என்றுதானே நினைப்போம்? 1994 அக்டோபரில் அமெரிக்காவில் வந்த சப்ளிமென்ட் சட்டம் வேறு திசையில் போனது. விற்பனைக்கு முன் பாதுகாப்பானது என்று நிரூபித்து எஃப்டிஏயிடம் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. ஆபத்தானது என்று காட்டும் பொறுப்பு எஃப்டிஏ தலையில் விழுந்தது. கடுமையான பக்கவிளைவு பற்றித் தங்களுக்கு வரும் தகவலை நிறுவனங்கள் கட்டாயமாக எஃப்டிஏக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. டிரிப்டோஃபான் 2000களில் மெல்ல மெல்லத் திரும்பக் கடைக்கு வந்துவிட்டது.

ஜப்பானிலேயே 2024இல் இன்னொன்று நடந்தது. கொழுப்பைக் குறைக்கும் என்று கோபயாஷி மருந்து நிறுவனம் விற்ற சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது. தொழிற்சாலையில் படிந்த நீலப் பூஞ்சையிலிருந்து வந்த பியூபெருலிக் அமிலம் பவுடரில் கலந்திருந்தது. நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இங்கேயும் மாத்திரையின் பெயரில் இருந்த பொருளைத் தாண்டி, அதைச் செய்த இடத்தில்தான் பிரச்சினை. ஒரு மருத்துவர் முதலில் நிறுவனத்துக்குச் சொன்னது ஜனவரி நடுவில். நிறுவனம் பொதுமக்களுக்கு அறிவித்துச் சரக்கைத் திரும்பப் பெறத் தொடங்கியது மார்ச் 22 அன்று. 1989இல் 12 நாளில் வந்த பொது எச்சரிக்கைக்கு இங்கே இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அன்றைக்குத் தகவல் அரசுச் சுகாதாரத் துறைக்குப் போனது, இங்கே விற்றவரிடமே போய் நின்றது. இந்த ஒரு வித்தியாசத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒருவருக்கு இப்படி நேர்ந்தால்

இந்தியாவில் சப்ளிமென்ட் என்பது மருந்துச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளின் கீழ் வருகிறது. குப்பியில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதனால் அதை வாங்கும்போது மருந்து வாங்கும் கவனம் நமக்கு வருவதில்லை, உடம்பு அந்த வேறுபாட்டைப் பார்ப்பதும் இல்லை.

புதிதாக ஒரு மாத்திரையோ பவுடரோ தொடங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ காரணம் புரியாத தசைவலி, தோல் தடிப்பு, மூச்சுத் திணறல், கண் மஞ்சளாவது, சிறுநீர் நிறம் மாறுவது என்று எது வந்தாலும் முதலில் அதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது குப்பியையும் கையோடு எடுத்துப் போவது நல்லது. பெயரை மட்டும் சொன்னால் போதாது. மினசோட்டாவில் வழக்கைத் திறந்தது லாட் எண், நம் ஊர்க் குப்பிகளிலும் பேட்ச் எண் அச்சிட்டிருக்கிறது. காலியான குப்பியாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம், மீதி மாத்திரைகளையும் உள்ளேயே வைத்திருங்கள். மருத்துவராக இருந்தால் கேஸ் ஷீட்டில் பெயர், நிறுவனம், பேட்ச் எண், தொடங்கிய தேதி, நாளுக்கு எவ்வளவு, நிறுத்திய தேதி, நிறுத்திய பின் என்ன ஆனது ஆகியவற்றை எழுதி வைக்கலாம். ரத்தச் சோதனையில் இயோசினோஃபில் ஏறியிருந்தால் பூச்சி மாத்திரை எழுதுவதோடு நிறுத்தாமல் இந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும்.

சந்தேகப்படும் பக்கவிளைவைப் பதிவு செய்ய காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தகத் தரநூல் ஆணையம் ஒரு கண்காணிப்புத் திட்டத்தை நடத்துகிறது. மருத்துவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை, நோயாளியோ குடும்பத்தாரோ நிரப்பும் படிவம் தமிழிலும் இருக்கிறது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. காரணம் அதுதான் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை, சந்தேகம் இருந்தாலே பதிவு செய்யலாம்.